ஆடாதோடைக் கஷாயமும் விற்ற பிஸ்டலும்

என் பெயர் ஞானதுரை. வயது ஐம்பத்தொன்பது. தகப்பனார் பெயர் சாமுவேல், காலஞ்சென்றவர். போடிநாயக்கனூரில் சர்ச்சுக்குப் பின்புறத் தெருவில் மனைவி ஜெபஷீலாவுடன் குடியிருந்து வருகிறேன். ஏலக்காய் வியாபாரம் செய்தவன். என் உடன்பிறந்த தம்பி பிரின்ஸ் கொடுத்த புகாரின்பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

ஏலத்துக்குப் பணம் கொண்டுபோக வேண்டியிருந்ததால் லைசென்ஸ் பெற்று ஒரு பிஸ்டல் வைத்திருந்தேன். தேர்தல் வரும்போதெல்லாம் இதே ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் முதல் ஆளாக வந்து வாங்கிப் போவேன். அது கையில் இல்லாத நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. பிறகு பக்கவாதம் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்தது. "அது வீட்டுல இருந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று ஜெபஷீலா சொன்னதாலும், பிரின்ஸ் லைசென்ஸ் எடுத்து வந்து நின்றதாலும், முறைப்படி அவருக்கே விற்றேன். அதன் பிறகு கடையையும் அவரே பார்த்தார். கடைக்குக் காவலிருந்த என் கோம்பை நாய் கருவாயனும் கடையோடு அவரிடம் போனான்.

விற்றது புத்திகெட்ட வேலை. பிரின்ஸ் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஆராதனைக்கு வருவார். வியாபாரிகள் முன்னால், "அண்ணே, தொட்டுப் பாக்க ஆசையா இருந்தா கூச்சப்படாம கேளுங்க" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். பிஸ்டலைத் திருப்பித் தரக் கேட்டதற்கு, "நடுங்குற கைக்கு எதுக்குண்ணே?" என்றார்.

அதன் பிறகு பொழுது போகாமல் மூலிகை படித்தேன். செல்போனில் வீடியோ பார்த்து, கோம்பை மலையடிவாரத்தில் நடந்து, பறித்து வந்த இலைகளைச் சரிபார்ப்பேன். இருமலுக்கு ஆடாதோடை, காமாலைக்குக் கீழாநெல்லி என்று நல்ல மனதோடுதான் படித்தேன், விஷமுள்ள கண்வலிக்கிழங்கு வரும்வரை. அதைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்றே எனக்குப் பிரின்ஸ் நினைவு வந்தது. அவருக்கு நாள்பட்ட இருமல். நான் காய்ச்சும் ஆடாதோடைக் கஷாயத்தை அவர் மனைவி ஷெரின்தான் வந்து வாங்கிப் போவார்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை கஷாயத்தில் அந்தக் கிழங்கையும் சேர்த்தேன். அவர் குடிப்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, நானே கடைக்குக் கொண்டுபோனேன். பிரின்ஸ் மோந்து பார்த்தார். "இன்னைக்கு நீங்களே தூக்கிட்டு வந்திருக்கீக. சாம்பிள் பாக்காம சரக்கு எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானண்ணே சொல்லிக் குடுத்தீக" என்று சொல்லிவிட்டு, கறிச்சோற்றில் ஊற்றிப் பிசைந்து கருவாயனுக்கு வைத்தார். தடுத்தால் மாட்டிக்கொள்வேன் என்று நான் வாய் திறக்கவில்லை. கருவாயன் என்னைப் பார்த்து வாலாட்டிவிட்டுத் தின்றான்.

அதன் பிறகு பிரின்ஸ் ஷட்டரைப் பாதி இறக்கி, "உக்காருங்கண்ணே, சாம்பிள் முடிவு தெரியட்டும்" என்றார். மதியத்துக்கு மேல் கருவாயன் ரத்தமாக வாந்தியெடுத்தான். நகர முடியாமல் நகர்ந்து வந்து என் செருப்பின்மேல் தலையை வைத்தான். மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். "மூலிகை படிச்சவுக நீங்க இருக்கீகள்ல, மாத்து மருந்து குடுங்க" என்றார். அதை நான் படிக்கவில்லை. "ஏலே, சுட்டு முடிச்சிருலே, பாவம்லே" என்று தம்பியின் காலைப் பிடித்தேன். "முழுசாப் பாருங்கண்ணே" என்று சொல்லி அவர் செல்போனில் படமெடுத்தார். பிஸ்டல் என்னிடமே இருந்திருந்தால் அந்த நாயை இப்படித் துடிக்க விட்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகு அவர் இடுப்பிலிருந்து அதைப் பிடுங்கினேன். புத்தாண்டு அன்று வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்ததுபோக உள்ளே ஒரே ஒரு தோட்டாதான் மிச்சம் என்று அவரே சொல்லியிருந்தார். பிரின்ஸ் ஏலக்காய்ச் சாக்குகளுக்குப் பின்னால் பதுங்கி, "அண்ணே, பிள்ளைக இருக்குண்ணே" என்று அலறினார். நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கருவாயன் காதருகே வைத்துச் சுட்டேன். பிஸ்டலை மேஜைமேல் வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே இருந்தேன்.

மேலே உள்ளதை ஏட்டு சங்கிலி படித்துக் காட்டக் கேட்டேன். "பிரின்ஸைச் சுடும் எண்ணம் எனக்கு இல்லை" என்று அவர் இரக்கப்பட்டுச் சேர்த்திருந்த வரியை அடிக்கச் சொன்னேன். எண்ணம் இருந்தது. தோட்டாதான் ஒன்றே ஒன்று இருந்தது. மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) ஞானதுரை
வலது கை நடுக்கத்தால் இடது கையால் இட்டது.