பன்னெண்டு அடிக்காம கரண்டி கிடையாது

— மாஸ்டர், கரண்டியைக் கீழ வைங்க.

— கிளறத்தான் எடுத்தேன், தங்கச்சி.

— கிளறுற கரண்டிக்கு உதட்டுகிட்ட என்ன வேலை?

— ஆவி வந்துச்சு… ஊதினேன்.

— ஊதினது போதும். மணி பதினொண்ணே முக்கால். பன்னெண்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. பாத்திரம் தேய்க்கிறவ முதுகைத் திருப்பிட்டா ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சீங்களா?

— உனக்கு முதுகுலயும் கண்ணு. இருபத்தெட்டு வருஷமா இந்த கேன்டீன் அடுப்புல நிக்கிறேன். ருசி பாக்காம ஒரு குழம்பு இறக்கினதில்ல, தெரியுமா?

— அதான் சர்க்கரை அந்த ஏறு ஏறிச்சு.

— நான் என்னத்தைச் சாப்பிட்டேன்? காலைல ஒரு டீ. மத்தியானம் ஒரு பிடி சோறு…

— ஆரம்பிச்சிட்டீங்களா? டாக்டர்கிட்டயும் இதையேதான் சொன்னீங்க. "நான் சாப்பிடறதே இல்ல டாக்டர், எங்கேர்ந்து ஏறுதுன்னே தெரியல"ன்னு. அவரும் பாவம், மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தாரு.

— நான் ஒண்ணும் பொய் சொல்லலியே! தட்டுல போட்டு, உக்காந்து சாப்பிட்டாத்தானே சாப்பாடு?

— அந்த பிஸ்கட் டப்பாவை மறந்துட்டீங்களா?

— அதை ஞாபகப்படுத்தாதே.

— படுத்துவேன். அன்னிக்கு நீங்க ஒரு கரண்டி வாயில வெச்சப்பல்லாம், நானும் ஒரு கரண்டி எடுத்து அந்த டப்பால ஊத்திக்கிட்டே வந்தேன். பருப்பு, குழம்பு, ரெண்டு பருக்கை சோறு, டீக்குப் போடற பால்…

— போதும் போதும்…

— மூணு மணிக்கு டப்பா வழிஞ்சுது, மாஸ்டர்!

— அத்தனையும் எனக்குள்ள போயிருக்குன்னு நினைக்கவே… அதைப் படம் பிடிச்சுக் காட்டினப்ப டாக்டர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! "ஐயா, நீங்க பொழுது விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் விடாம சாப்பிட்டுட்டு இருக்கீங்க"ன்னாரு.

— அப்பதானே இந்த எட்டு மணி நேரத்தைச் சொன்னாரு.

— ஆமா. பகல் பன்னெண்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் சாப்பாடு. மிச்ச நேரம் தண்ணி, சர்க்கரை போடாத டீ. அவ்வளவுதான். கேக்க எவ்வளவு லேசா இருக்கு! சமையக்காரன்கிட்ட போய், காலைல வாயைத் தைச்சுக்கோன்னா?

— மாத்திரையையும் குறைச்சாரே, அதையும் சொல்லுங்க. பழைய மாத்திரையோட இஷ்டத்துக்குப் பட்டினி கிடந்தா சர்க்கரை தடாலடியா இறங்கிடும்னாரே. கை நடுங்குதா இப்ப?

— இல்லம்மா.

— படபடப்பு?

— அது… இந்த உறையைத் தொட்டாத்தான் படபடங்குது.

— எந்த உறை? அடப்பாவமே, சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருக்கே, அதுவா? ரிப்போர்ட் வந்துடுச்சா?

— காலைலயே வாங்கிட்டேன்.

— இன்னும் பிரிக்கலையா!

— பன்னெண்டு அடிக்கட்டும்னு…

— ரிப்போர்ட்டுக்குமா விரதம்?

— பயமா இருக்கு, தங்கச்சி. அன்னிக்குக் கொதிக்கிற அண்டா முன்னாடி எனக்குத் தலை சுத்திச்சே… நீ மட்டும் பின்னாடி வந்து புடிக்கலைன்னா…

— விடுங்க, அதை எதுக்கு இப்ப?

— மேனேஜர் முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. "மூணு மாசச் சர்க்கரை சராசரி எட்டுக்குக் கீழ வந்துச்சுன்னு காயிதத்தைக் காட்டுங்க. இல்லைன்னா அடுப்பை விட்டுட்டு சாமான் ரூம்ல போய் உக்காருங்க"ன்னு. அரிசி மூட்டைக்குக் காவலா நான்? என்னால முடியாதும்மா. செத்துருவேன்.

— நல்ல வார்த்தை பேசுங்க. முதல்ல குழம்பு. நகருங்க, ருசி பாக்குறேன்.

— பாரு… என்ன? … சொல்லேன்.

— ம்ம்.

— ம்ம்னா?

— சரியாத்தான் இருக்கு. உப்பு மட்டும்… ஒரு சிட்டிகை போடலாம்.

— போட்டுட்டேன். இப்ப?

— இப்ப சரி. இறக்குங்க. அந்த உறையை இப்படிக் குடுங்க.

— நீயே படி. என் கண்ணாடில ஆவி படிஞ்சிருக்கு.

— கண்ணாடி நெத்தியில இருக்கு, மாஸ்டர்.

— படின்னா படி!

— படிக்கிறேன், கத்தாதீங்க. பேரு… வயசு அம்பத்தாறு… ரத்தம் எடுத்த தேதி…

— அதெல்லாம் எனக்குத் தெரியாதா?

— ஏழு.

— ஏழாம் தேதியா?

— இல்ல. சர்க்கரை. ஏழு புள்ளி மூணு.

— திரும்பப் படி.

— ஏழு… புள்ளி… மூணு. போன தடவை பத்தரை இருந்துச்சு, மாஸ்டர்! பத்தரை!

— காட்டு, இப்படிக் காட்டு…

— மாஸ்டர்? அழறீங்களா?

— புகை.

— கேஸ் அடுப்புல ஏது புகை? அழுங்க, அழுங்க, யாரும் பாக்கல. எனக்கே கண்ணீர் நிக்கல. நான் ஓடிப்போய் மேனேஜர்கிட்ட காட்டிட்டு வந்துடவா?

— இரு. நேத்தே அவர்கிட்ட ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். ரெண்டு வேளையும் அடுப்புல நிக்க வேண்டாம்னு டாக்டர் சொல்றாருன்னேன். ரிப்போர்ட் நல்லா வந்தா பகல் அடுப்பு எனக்கு. சாயங்கால அடுப்பு உனக்கு.

— எனக்கா?

— உனக்குத்தான். பாத்திரத்துக்கு வேற ஆள் போட்டுக்குவாங்க.

— வேண்டாம்.

— சந்தோஷத்துல உளறாதே.

— வேண்டாம் அண்ணே… என்னால முடியாது.

— ஏன் முடியாது? போன மாசம் நான் ஆஸ்பத்திரி போனப்ப, இருநூறு பேருக்கு நீதானே பருப்பு இறக்கினே? ஒருத்தன் குறைன்னு வாயைத் திறக்கலியே.

— அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொன்னா இனிமே என் முகத்துலயே முழிக்க மாட்டீங்க.

— சொல்லு.

— எனக்கு ருசியே தெரியாது.

— எப்பலேர்ந்து?

— ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்து படுத்தேன்ல? அதோட மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. எனக்கு உப்பும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான். நீங்க ருசி பாக்க ஆள் வேணும்னு வந்து நின்னப்ப, முடியாதுன்னா மறுபடி கரண்டியைத் தூக்கிடுவீங்களேன்னு… தலையை ஆட்டிட்டேன்.

— அப்ப மூணு மாசமா "சரியா இருக்கு, சரியா இருக்கு"ன்னியே?

— முந்தின நாள் தட்டை வெச்சு சொன்னேன். தேய்க்க வர்ற தட்டுல என்ன மிச்சம் கிடக்குன்னு பாப்பேன். தண்ணி டம்ளர் ஜாஸ்தி வந்தா உப்பு கூடுதல். குழம்பை ஓரமா ஒதுக்கியிருந்தா புளிப்பு கூடுதல்…

— இப்ப "ஒரு சிட்டிகை போடலாம்"னியே?

— தினமும் சரியா இருக்குன்னா சந்தேகம் வந்துடுமேன்னு, வாரத்துக்கு ஒரு தடவை அப்படிச் சொல்லுவேன். திட்டிடுங்க அண்ணே.

— உப்பு போட்டேனே… பாத்தியா?

— பாத்தேனே.

— வெறுங்கையைத்தான் ஆட்டினேன்.

— என்னது!

— ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும். ஒரு நாள் உன் டீயில, கவனமில்லாம சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன். டப்பாவை மூடறப்பதான் கவனிச்சேன். ஐயோன்னு ஓடி வர்றேன்… நீ முழு டம்ளரையும் குடிச்சிட்டு, "டீன்னா இது டீ, மாஸ்டர்"ங்கிறே!

— ஐயையோ… தெரிஞ்சுமா தினமும் கூப்பிட்டு "பாரு, பாரு"ன்னீங்க? எதுக்கு அண்ணே?

— அன்னிக்குத்தான் எனக்கே ஒண்ணு புரிஞ்சுது. ரெண்டு வாரமா ஒருத்தரும் ருசி பாக்காமலே குழம்பு சரியா இறங்கியிருக்கு. கைக்கு உப்பு தெரியுது, தங்கச்சி. வாய்தான் சும்மா இருக்க மாட்டேங்குது. கரண்டி உன் கையில இருந்தாத்தானே அது என் வாய்க்கு வராது?

— அதுக்காக எனக்கு அடுப்பா? கருகினாக்கூட எனக்கு வாசனை தெரியாதே!

— எல்லாத்தையும் மேனேஜர்கிட்ட சொல்லித்தான் கேட்டேன். நீ ஒவ்வொரு தட்டையும் உத்து உத்துப் பாக்கறதையும் சொன்னேன். சாயங்காலக் குழம்பு ஆறு மணிக்கு இறங்கும். எனக்கு எட்டு வரைக்கும் சாப்பிட அனுமதி இருக்கில்ல? உன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, வாசனை பாத்து, ருசி பாத்துச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். ஒரே ஒரு கரண்டி… சந்தேகமா இருந்தா அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கோ. மணி பன்னெண்டு ஆச்சு பாரு, ரெண்டு தட்டு எடு.