அக்கா தனியாகத்தான் போனாள்

எனக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்பதால் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி மூடிய உறையில் வைக்கப்பட்டுள்ளன. வயது பதினைந்து. பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். அம்மா அருகில் இருக்க, பெண் உதவி ஆய்வாளர் விசாரித்தபோது நான் சொல்வதாவது:

என் அக்காவுக்கு வயது இருபத்து நான்கு. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, தன் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரச் சிறு சாலைகளில் தனியாக ஓட்டிவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்பினாள். அதன் பிறகு அப்பா அவளை வேலைக்கும் அனுப்பவில்லை. வண்டிச் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. வாசல் கதவு உள்ளே பூட்டப்பட்டு, அதன் சாவி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. அக்கா பகலில் ஜன்னல் கம்பிகளைத் துடைப்பாள். துடைத்த கம்பிகளையே மறுநாளும் துடைப்பாள்.

அதன் பிறகு அப்பா வண்டியை விற்க முடிவு செய்து, சரிபார்த்துத் தரும்படி மெக்கானிக்கிடம் விட்டார். அவரை எல்லோரும் கிரீஸ் அண்ணன் என்பார்கள். அப்பா வெளியூர் போயிருந்த சனிக்கிழமை மாலை அவர் வண்டியைக் கொண்டுவந்து, சாவியை ஜன்னல் வழியாக என்னிடம் தந்து, "அப்பா வந்ததும் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஐந்து பத்துக்கு அக்கா புறப்பட்டாள். "எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லாதக்கா. யாராவது கேட்டா சொல்லிடுவேன்" என்றேன். "தெரியும்டி, ஓட்டைவாயி" என்றாள். வாசல் கதவின் பூட்டு அப்போது திறந்திருந்தது. திறந்தவரை நான் பார்க்கவில்லை.

அன்று மதியம் அப்பா திரும்பி வந்து, சாவியை யார் கொடுத்தது என்று கேட்டார். கிரீஸ் அண்ணன் என்றேன். என்னிடம் கொடுத்தார் என்று முடிப்பதற்குள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, அவர் அக்காவைக் கடத்திவிட்டதாகப் புகார் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை பள்ளி நூலகத் தொலைபேசிக்கு அக்கா அழைத்து என்னிடம் பேசினாள். "கடல் வலப்பக்கமாவே வருதுடி. பஞ்சர் ஒட்டுனவரு, கூட வந்த ஆளு எங்கன்னு வண்டிக்கு அடியில எல்லாம் தேடுனாரு" என்று சிரித்தாள். ஊர் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலை கிரீஸ் அண்ணனின் மனைவி எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, அவரை ஞாயிறு முதல் காவல் நிலையத்தில் அடைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அப்பா கேட்டைத் திறக்கவில்லை.

இன்று வரும் வழியில் அப்பா, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சொன்னேன். இன்று கேட்காததையும் சொல்லியிருக்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "கடத்தப்பட்ட அக்கா" என்றிருந்ததை அடிக்கச் சொல்லி, "புறப்பட்டுச் சென்ற அக்கா" என்று திருத்தினேன். மற்றவை நான் சொன்னபடியே, உண்மையாக உள்ளன.

காப்பாளராகக் கையொப்பமிட மறுத்து அப்பா வெளியே சென்றுவிட்டார். அதன் பிறகு அம்மா, "எந்த இடத்துல போடணும்?" என்று கேட்டு, என் கையொப்பத்துக்குக் கீழே கையொப்பமிட்டார்.

(ஒப்பம்) சிறுமி
(ஒப்பம்) தாய்