ஏழாவது அடி

பிக்குகளை வெந்நீரில் கழுவக் கூடாது, ஐயா. என் பெட்டியை உங்கள் ஆட்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கிட்டார் வாசிக்கிறவர் விரலிடுக்கில் பிடித்துத் தந்தியை மீட்டும் நகத்தளவு துண்டுதான் பிக். விரலின் எண்ணெயும் வியர்வையும் போய்விட்டால் அது வெறும் பிளாஸ்டிக்.

இருபத்திரண்டு வருடமாக அரங்கத்தில் மேடை வேலை பார்க்கிறேன். நிகழ்ச்சி முடிந்து பெருக்கும்போது கிடைத்தவை மொத்தம் முந்நூற்றுப் பதினாறு. கேட்டு வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது. வாசித்த கையிலிருந்து தானாக விழுந்திருக்க வேண்டும், அதுதான் என் விதி. ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை இருக்கும்: யார், எந்த நாள், எந்தப் பாட்டு. "ஊரார் வெட்டிப்போட்ட நகத்தையும் ஒருநாள் பொறுக்கிட்டு வரப்போறீங்க" என்பாள் என் மனைவி. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் என் அட்டைகளில் எள்ளளவும் பொய் கிடையாது. வேறு எதில் வேண்டுமானாலும் என்னைக் குறை சொல்லுங்கள்.

அந்தக் கிட்டார்க்காரரை நாங்கள் 'ஏழடி' என்போம். விளக்கெல்லாம் அணைந்த மேடையில், திரையோரத்திலிருந்து ஏழே அடியில் தன் முக்காலிக்கு வந்துவிடுவார். விளக்கு எரியும்போது கை தந்தியில் இருக்கும். அதற்காக, இருட்டில் ஒளிரும் பச்சை நாடாவை விரல் நீளத்துக்கு வெட்டி முக்காலிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். என்னை நம்பித்தான் நடந்தார். நல்ல மனிதர்.

போன வருடம் மூட்டு வலியால் விடைபெற்றார். கடைசிப் பாட்டு முடிந்ததும் பிக் நழுவி என் காலடிக்கே வந்தது. அட்டையில் 'கடைசி' என்று எழுதினேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் எழுதியதே இல்லை. என்னைப் போல் சேகரிக்கிறவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே வீடு தேடி வந்தார்கள்.

இந்த மாதம் அவரே போன் செய்தார்.

"அண்ணே, ஒரு மத்தியானம் உங்க மேடை வேணும். விளக்கு போட வேண்டாம். அந்த நாடா மட்டும் இருந்தா போதும்."

"மறுபடியும் மேடையா?"

"இப்ப சொல்ல மாட்டேன். நீங்களே பாப்பீங்க" என்று சிரித்தார்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஒரே ஒரு பாட்டு வாசித்தால் போதும், என் அட்டை பொய். "கிழிச்சுட்டு வேற எழுதுங்களேன், தலையா போயிடும்?" என்றாள் மனைவி. ஒன்றைக் கிழித்தால் மற்றவற்றை யார் நம்புவார்கள்? பெட்டியைத் திறக்கவே பயந்தேன். அந்தப் பயம் உங்களுக்கு வர வேண்டாம், ஐயா.

மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம், கீழே சிமெண்டுத் தரை. மேடை மட்டத்துக்குப் பலகை போட்டு மூடியிருக்கும். அன்று காலை இரண்டு பலகைகளை எடுத்தேன். அதற்கு அப்பாலிருந்த பலகையில் நாடாவை ஒட்டினேன். திரையோரத்திலிருந்து அதே ஏழடிதான். திசை மட்டும் கொஞ்சம் வேறு. அவர் மேல் நான் கையே வைக்கவில்லை.

மத்தியானம், விளக்கறையில் உட்கார்ந்திருந்தேன். இருட்டில் இரண்டு குரல்கள் கேட்டன. கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்து வந்திருந்தார். யாரோ தந்தியை இரண்டு தடவை மீட்டினார்கள்.

"பயமா இருக்குப்பா. அடுத்த வாரம் சொதப்பிட்டா?"

"வாசிக்கத் தெரியுது, நடக்கத்தான் பயமா? நான் முதல்ல நடந்து காட்டுறேன், நீ சத்தத்த வச்சு எண்ணு. அண்ணன் ஒட்டின நாடா தப்பாது."

அப்போதுதான் விளங்கியது, மேடை ஏறப்போவது அவள் என்று. அவர் வாசிக்கப்போவதில்லை. என் அட்டை பொய்யாகவே இல்லை. கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். வந்த நிம்மதியில் அது தோன்றவில்லை.

அவள் ஆறு வரை எண்ணினாள். ஏழாவது அடிச் சத்தம் மேடையில் வரவில்லை, பள்ளத்தின் தரையிலிருந்து வந்தது. "அப்பா?" என்றாள்.

விளக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி அவளை வெளியே அனுப்பிவிட்டு, நாடாவைப் பழைய இடத்தில் ஒட்டினேன். பலகையில் பசை தங்கியதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். நாடாவை எடுப்பதற்கும் முன்னால், அவள் கையிலிருந்து விழுந்திருந்த பிக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். இனி கிட்டாரைத் தொடவே மாட்டேன் என்று அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். வீட்டுக்குப் போய் அந்த பிக்கை வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்பு கொஞ்சமும் தேயவில்லை. மேடையில் அவளுடைய முதல் பிக், கடைசியும் அதுவே. அப்படி ஒன்று யாரிடமும் இல்லை, ஐயா. அட்டையில் இரண்டு வார்த்தையையும் எழுதிவிட்டேன்.

ஆனால் இன்று காலை டீ கொடுத்த காவலர், அவர்கள் வீட்டுப் பக்கம் போனபோது கிட்டார் சத்தம் கேட்டதாகச் சொன்னார். அதிலிருந்து அந்த அட்டையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரேடியோவாகத்தான் இருக்கும். எதற்கும் ஒரு தடவை விசாரித்துச் சொல்லிவிடுங்கள். அதோடு, எனக்கு எத்தனை வருடம் போடுவார்கள் என்றும் சொல்லுங்கள். சின்ன வயசுதானே அவளுக்கு, நான் வெளியே வரும்போதும் வாசித்துக்கொண்டுதான் இருப்பாள்.