நீலம் விழாத நகல்

ஹலோ... ம், சொல்லுடா தம்பி. ...பத்திர ஆபீஸ்லயா? இன்னைக்கேவா! இப்பவாவது அக்கா ஞாபகம் வந்துச்சே, ரொம்ப சந்தோஷம்.

...ஆமா. ...ஆமா, ஆமா. ஆத்தோரத்துல மனை. ஜன்னலைத் திறந்தா தண்ணி. ...சேச்சே, கிண்டல் இல்லடா. திறக்காட்டியும் தண்ணிதான்.

...எந்த இடம்? படகுத்துறை ஊருக்கும் சூளை ஊருக்கும் நடுவுலயா? லைன்லயே இரு, பழைய வரைபடத்தை மேஜையில விரிக்கிறேன். இருபத்தஞ்சு வருஷமா இந்த வரைபட அறையில குப்பை கொட்டுறேன், கூடப் பொறந்தவனுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?

...ம். எண்பது வருஷத்துக்கு முன்னாடி அளந்தது. ஆத்தோரமா மூணு ஊர், மூணும் மேட்டுல. நீ வாங்குற பள்ளத்துல ஒரு குடிசைகூட இல்ல. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஆத்துக் காத்து பிடிக்காது போல!

...என்னது, இதே வரைபடமா? மனை விக்கிறவர் கொடுத்தாரா? அடேயப்பா, எவ்வளவு நேர்மை! அப்ப பள்ளம் முழுக்க நீலக் கோடு இருக்குமே, வெள்ளம் ஏறுற இடம்னு? ...ஒண்ணுமே இல்லையா?

...ஓ, கறுப்பு வெள்ளை நகலா! பிரமாதம். அந்த மெஷின்ல வெளிர் நீலம் விழவே விழாதுடா. மொத்த வெள்ளத்தையும் வத்த வச்சிட்டான். எந்த அறிவாளி எடுத்தது? கீழ 'உண்மை நகல்'னு சீல் இருக்கும், பக்கத்துல கையெழுத்து இருக்கும். படி, அந்த மகானை நானும் தெரிஞ்சுக்கிறேன்.

...

...திரும்பப் படி.

...ஆமா. என்னோடதுதான். கலர் மெஷின் கெட்டு மூணு மாசமாச்சு. சுவத்துல மாட்டத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சேன்டா. பாக்காமலே போட்டுத் தள்ளியிருக்கேன்.

...சிரிக்காத. நீ கையெழுத்துப் போட்டுட்டியா? ...அப்பாடா. பேனாவை மூடு. வரிசையில இன்னும் எத்தனை பேரு? ...பதினாலா? எல்லார் கையிலயும் இதே நகலா?

...ஸ்பீக்கர்ல போடு. ...வேலை போனா போகட்டும், போடுடா!

ஹலோ... எல்லாரும் கேக்குறீங்களா? அந்த நகல்ல இருக்கிறது என் கையெழுத்துங்க. ...ஆமாங்க, நான்தான். அதை நம்பிப் பத்திரத்துல கை வைக்காதீங்க. அந்த இடம்... ஹலோ? ...நீங்க யாரு? ...மனை விக்கிறவரா? வணக்கம், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். போனைத் தம்பிகிட்ட குடுங்க. ...குடுக்க மாட்டீங்களா?

...சரி, பரவால்ல. பத்திர ஆபீஸ் இங்கிருந்து நாலே தெரு. வரைபடத்தைச் சுருட்டிட்டேன். நேர்ல வரேன், எல்லாரும் கலர்லயே பாக்கலாம். வைக்கிறேன்.