காமனைத் தூக்கிவிட்ட கை

மலையகத்து நோர்வூட் ஊருக்குப் போகும் பஸ் மூடுபனிக்குள் மிதப்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டில் இரண்டு பெரியவர்கள்.

“நாளைக்கு என்னைய எரிச்சதும் நீ ஒழுங்கா அழணும் மச்சான்,” என்றார் ஒருவர்.

சாவு எனக்குத்தான் என்பதுபோல் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டேன்.

“போன வருசமும் அழுதேனே,” என்றார் மற்றவர்.

“சிரிச்ச. ரதி அழாட்டி காமனுக்கு எப்புடிய்யா உசுரு திரும்பும்?”

காமன் கூத்து வேடக்காரர்கள். எனக்கும் உயிர் திரும்பியது.

“உசுரு வந்தும் நீ முட்டியப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியாமக் கெடந்த. அதுக்குத்தான் சிரிச்சேன்.”

“இப்ப முட்டி இன்னும் மோசம். தெரிஞ்சா வேசத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

“நான் கையக் குடுக்கிறேன். நீயா எந்திரிச்ச மாதிரி காட்டிக்க.”

பஸ் நின்றது. ரதி கையை நீட்டினார். காமன் தானாகவே எழுந்தவர்போல் நிமிர்ந்து இறங்கிப் போனார்.