கல்லை விட்டு இறங்காமல்

பக்கத்து வீட்டுப் புல்தரையைக்கூட நான் குறுக்கே கடந்ததில்லை. சுற்றித்தான் போவேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது எளிதில் புரியும்.

பார்ஸ்டோ ஊருக்கு வடக்கே, மொஹாவி பாலைவனத்தின் சரளை ஓடையில், நல்ல மழை பெய்த வருடங்களில் மட்டும் ஒரு பூ முளைக்கும். சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் வெளிறிய ரோஜா நிறம். குப்புறப் படுத்தால்தான் சரியாகக் கண்ணில் படும். அதனால் எங்கள் ஊரில் வயிற்றுப்பூ என்போம். அதைக் காக்கும் சங்கத்துக்கு நான் செயலாளர். செடிகளைச் சுற்றி வளைத்து, நடப்பதற்குக் கல் பதித்தவன் நான். கல்லை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்று விதி எழுதியவனும் நான்தான்.

என் மனைவி நோரீன் சிரிப்பாள். "டெல்பர்ட், நீ தடுக்கி விழறதா இருந்தாக்கூட சங்கத்துல அனுமதி வாங்கிட்டுத்தான்பா விழுவ."

அந்த ஏப்ரல் காலையில் அவள் கல்வரிசையின் கடைசிப் பாறையில், கையில் உருப்பெருக்கியோடு குப்புறப் படுத்திருந்தாள். நான் இந்தப் பக்கம் காரருகே காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். பாறையை ஒட்டிய புதரில் கிலுகிலுப்பைப் பாம்பின் வால் சத்தம் கேட்டது. அவள் கழுத்தில் கடித்துவிட்டது.

"டெல்பர்ட், பாம்பு. நேரா வாப்பா."

"இதோ வரேன். அசையாம இரு."

கைப்பேசியில் உதவி கேட்டேன். பிறகு கல்வரிசையில் நடந்தேன். எங்களுக்கு நடுவே ஒரு தெரு அகலம்தான். ஆனால் அந்த இடம் முழுக்கப் பூ. கல்வரிசையோ பக்கத்து மேட்டைச் சுற்றிப் போகிறது; கால் மணி நேர நடை.

"குறுக்க வாய்யா. பூ அடுத்த வருஷம் பூக்கும்."

அது தவறான தகவல். மழை பெய்தால்தான் பூக்கும். அவளைத் திருத்த இது நேரமில்லை என்று பேசாமல் நடந்தேன்.

வழியில் ஒரு கல் ஆடியது. உருண்டால் செடி நசுங்கும். குனிந்து சரிசெய்தேன். அதற்குள் அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். வலி குறைந்துவிட்டது என்று எண்ணினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகம் பாறையில் கவிழ்ந்திருந்தது. தொண்டை வீங்கி அடைத்துவிட்டதாம். முகத்தை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கை இருந்திருந்தால் மூச்சு நின்றிருக்காது என்றார் மருத்துவர். என் இரண்டு கைகளும் அப்போது அந்தக் கல்லில் இருந்தன.

விசாரிக்க வந்த இளம் போலீஸ்காரர் ஓர்ட்டேகா கேட்டார்: "இந்தப் பூ எதுவரைக்கும் சார் இருக்கும்?"

"மே பாதிவரைக்கும். அப்புறம் வெயில்ல பொடியாயிடும்."

"மிதிச்சாலும், மிதிக்கலைன்னாலும்?"

"ஆமா."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெயில் போலும்.

கல்வரிசைக்கு நோரீன் பெயரை வைக்கச் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. காபியை நான் இன்னும் இரண்டு கோப்பைக்குத்தான் போடுகிறேன்.

குறுக்கே போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நான் போகவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று செடிகளை மிதித்தவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள். நான் ஒன்றைக்கூட மிதிக்கவில்லை.