பன்னெண்டாம் நம்பர் டியூப்

– கதவைச் சாத்துங்க, ரவூப் அண்ணே. நான் சொல்றத முழுசா கேட்டுட்டு அப்புறம் ஜோக் அடிங்க.

– என்ன கவி, மேனேஜர் மாதிரி மிரட்டற? காலையில டெஸ்டுக்குக் கொண்டாந்த சேறு லீக் ஆயிடுச்சா?

– சேறு இல்ல, ரத்தம். போன மாசம் படகுல போற ஸ்டாஃப் பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கொரு டியூப் கொடுத்து, கிளினிக்ல ரத்தம் எடுத்துட்டு வரச் சொன்னோமே, ரிசல்ட் வந்துடுச்சு. பதினோரு பேருக்கு ஒண்ணுமில்ல. பன்னெண்டாம் நம்பர் மட்டும் பயங்கர ஹை. உங்க டியூப்.

– அட போ லா. மெஷின் கோளாறா இருக்கும். அதுவும் என் வேனும் ஒரே வயசு.

– மூணு தடவ ஓட்டிப் பார்த்தேன். சீரியஸா சொல்றேன். ஆத்துவாய் அடிச்சேத்துல இருக்கற அதே கெமிக்கல். முப்பது வருசத்துக்கு முன்னாடி மூடுன ஃபேக்டரிங்க விட்டது.

– அங்கயா? இப்ப பார்க்கு, சைக்கிள் பாதைன்னு ஜோரா இருக்கே.

– மேல பார்க். அடியில சேறு அப்படியே பத்திரமா வச்சிருக்கு. மக்காது, கரையாது. அங்க நண்டு, மட்டி ஏதாச்சும் பிடிச்சு சாப்பிட்டீங்களா?

– வாயில வச்சதில்லம்மா. எங்களுக்கு மீனெல்லாம் தேக்கா மார்க்கெட்லதான். பதினோரு வருசமா அந்தச் சேத்தோட குடும்பம் நடத்தறேன், அதப் பத்தி எனக்குத் தெரியாதா? குழாய இறக்குனா மேல ஒரு முழம் நல்ல மண்ணு. அதுக்குக் கீழ கன்னங்கரேல்னு, டீசல் வாடை. கிளவுஸ் ரெண்டு ஜோடி போடாம தொடவே மாட்டேன்.

– அதான் எனக்குப் புரியல. அகிலனும் உங்க படகுதான், அதே சேறுதான். அவனுக்கு ஒண்ணுமில்ல. வேலை முடிஞ்சு யூனிஃபார்ம எங்க போடுவீங்க? இங்க லாண்டரி கூடையிலதானே?

– இல்ல.

– ஏன் அண்ணே? ரூல் அதுதானே?

– இங்க துவைச்சா வாடை போகலன்னு பரீதா சண்டை போடுவா. பூன் லேயில இருக்கற வீட்டுக்கே கொண்டு போயிடுவேன். பாத்ரூம்ல உக்காந்து கையாலயே கசக்கிப் பிழிவா. என் புருஷன் சேத்துல நிக்கட்டும், ஊருக்குள்ள பளிச்சுனுதான் நடக்கணும்னு சொல்லுவா. அதுல ஒரு பெருமை அவளுக்கு.

– கிளவுஸ் போட்டுக்கிட்டா?

– வீட்ல யாரு கிளவுஸ் போட்டுத் துவைக்கிறா?

– எத்தன வருசமா?

– கல்யாணம் ஆனதுலேருந்து. ஒன்பது வருசம்.

– ஐயோ அண்ணே. இனிமே அந்தத் துணி வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. அண்ணிக்கும் டெஸ்ட் எடுக்கணும்.

– அவளுக்கு எதுக்கு இன்னொரு டெஸ்ட்?

– இன்னொண்ணா? மொதல்ல ஒண்ணு எடுத்தாத்தானே?

– அது… விடு. இந்தக் கருமம் ஒடம்ப விட்டு எப்பப் போகும், சொல்லு.

– வருசக்கணக்கா ஆகும். மருந்து கிடையாது.

– வழியே இல்லியா? படிச்ச புள்ள நீ, யோசிச்சுச் சொல்லும்மா.

– பொம்பளைங்களுக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் குறையும். அது உங்களுக்கு உதவாது.

– எப்படிக் குறையும்?

– வயித்துல புள்ள இருந்தா, அதுக்குப் போயிடும். பொறந்தப்புறம் பால் வழியா போகும். தாய்க்குக் குறையக் குறைய புள்ளைக்கு ஏறும். என்ன அண்ணே, எழுந்துட்டீங்க? உக்காருங்க. உங்களுக்கு உடனே ஒண்ணும் ஆயிடாது. நாளைக்கே மறுபடி ஒரு டியூப் எடுத்துப் பார்த்துடலாம்.

– எனக்கு ஊசின்னா பயம், கவி.

– சின்னப் புள்ளையா நீங்க? போன மாசம் மட்டும் எப்படிக் கொடுத்தீங்க?

– நான் கொடுக்கல. பரீதா செக்கப்புக்குப் போனப்ப என் டியூப்ப அவ கையில கொடுத்து, எனக்குப் பதிலா நீ கொடுத்துடுன்னேன். ஒன்பது வருசம் கழிச்சுத் தங்கியிருக்கு, கண்ணு படும்னு இன்னும் யாருகிட்டயும் சொல்லல. அவளுக்கு இது ஏழாம் மாசம்.